இரவில் நடமாடும் சிறு பாலூட்டிகளை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? தார் பாலை முதல் குமரியின் செம்மணல் வரை ஒரு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணல் எடுக்கவோ சாலை அமைக்கவோ ஒரு பெரிய திட்டம் வரும்போது, அத்துடன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்ற தடித்த ஆவணமும் வருவதுண்டு. அத்தகைய அறிக்கைகளில் விலங்குகளுக்குரிய பகுதி பலமுறை ஒன்றிரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அணில், கீரி, முயல், வயல் எலி என்று சில பெயர்கள் இருக்கும். அதன்கீழ், அரிய வகை உயிரினம் எதுவும் ஆய்வின்போது தென்படவில்லை என்று ஒரு வரி இருக்கும். அதே நிலத்தில் முள்ளெலியைப் பார்த்திருப்பதாக ஊர்க்காரர்கள் சொன்னால், அறிக்கையை நம்புவதா, ஊர்க்காரர்களை நம்புவதா என்ற குழப்பம் எழுகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பகலில் நடந்து பார்ப்பவருக்கு, இரவில் மட்டும் வெளிவரும் ஒரு விலங்கு தென்படாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் அந்த வரியின் மேல் ஒரு நிலத்தின் எதிர்காலம் முடிவு செய்யப்படுவதால், இத்தகைய விலங்குகளை முறையாகத் தேடுவது எப்படி என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம். உலகின் பாலைநிலங்களில் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்துவந்த ஒரு கள முறை இதற்கு இருக்கிறது.

அடிப்படை: பாலை, தேரி, சிறு பாலூட்டி

பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் குமரி மாவட்டத்தில் பாலைவனம் கிடையாது; இரண்டு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. ஆனாலும் மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகள் ரப்பரும் வாழையுமாக ஈரத்தில் நிற்க, கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள் மழை குறைந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்திருப்பதற்கும் அதே காற்றுதான் காரணம்.

கடலோரத்தில் முட்டம் முதலிய இடங்களில் காணப்படும் சிவந்த மணல்மேடுகளும், தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் பரந்து கிடக்கும் தேரிக்காடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த நிறம் அது. மழையளவைக் கொண்டு பார்த்தால் தேரி பாலைவனம் அன்று. ஆனால் பெய்த நீர் நிற்காமல் இறங்கிவிடுவதாலும், மேல்மணல் பகலில் காலை வைக்க முடியாதபடி சுடுவதாலும், அங்கு வாழும் சிற்றுயிர்கள் எதிர்கொள்ளும் நெருக்கடி பாலைவன உயிர்களின் நெருக்கடியோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆகவே பாலையில் வளர்ந்த ஆய்வு முறை இங்கும் பொருந்துகிறது.

சிறு பாலூட்டி என்பது உயிரியல் வகைப்பாட்டில் ஒரு தனிக் குடும்பம் அன்று. எலிகள், சுண்டெலிகள், அணில்கள் ஆகிய கொறி விலங்குகளையும், மூஞ்சூறு, முள்ளெலி ஆகிய பூச்சியுண்ணிகளையும் களப்பணியாளர்கள் வசதிக்காக இப்படிச் சேர்த்துச் சொல்கிறார்கள். முள்ளெலி பெயரளவில்தான் எலி. உறவுமுறையில் அது எலியை விட மூஞ்சூறுக்கே நெருக்கமானது. தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் மட்டுமே காணப்படும் மெட்ராஸ் முள்ளெலியை ஹார்ஸ்ஃபீல்டு 1851-ல் அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதன் முள்ளும் தோலும் கக்குவான் இருமலுக்கு மருந்து என்ற நம்பிக்கை தென் தமிழகத்தில் இன்னும் இருப்பதால், சாலையில் அடிபடும் ஆபத்தோடு வேட்டையாடப்படும் ஆபத்தும் அதற்குச் சேர்ந்திருக்கிறது.

ஏன் கண்ணில் படுவதில்லை?

சிறிய உடல் விரைவில் சூடாகும்; விரைவில் நீரை இழக்கும். வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி இவற்றுக்குக் கிடையாது, ஏனெனில் அவ்வளவு நீர் அவற்றின் உடலில் இல்லை. எனவே பகல் முழுவதும் வளைக்குள் கிடக்கின்றன. தரைக்கு மேலே மணல் கொதிக்கும் வேளையில், அரை மீட்டர் ஆழத்து வளையில் வெப்பம் அதிகம் ஏறாமலும் காற்றில் ஈரம் குறையாமலும் இருக்கும்.

நீர்ச் சிக்கனத்தின் எல்லையைக் காட்டிய விலங்கு அமெரிக்கப் பாலையின் கங்காரு எலி. 1940-களின் பிற்பகுதியில் அரிசோனாவில் நட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும் செய்த ஆய்வுகள், இந்த எலி தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதைகளை மட்டும் தின்று வாழ முடியும் என்பதை விளக்கின. உணவு உடலில் எரியும்போதே நீர் உண்டாகிறது: 100 கிராம் மாவுச்சத்திலிருந்து ஏறக்குறைய 55 கிராமும், 100 கிராம் கொழுப்பிலிருந்து ஏறக்குறைய 107 கிராமும் நீர் கிடைக்கும். அந்த நீர் வீணாகாமல் இருக்க, சிறுநீர் மிகவும் செறிவாக வெளியேறுகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் உட்புறத்தில் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் அங்கேயே படிந்து உடலுக்குத் திரும்புகிறது.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை ஜெர்பில் வகை எலிகள். நீண்ட பின்னங்கால், நீண்டு நுனியில் மயிர்க்குஞ்சம் கொண்ட வால், பெரிய கண், வெளுத்த வயிறு ஆகியவற்றால் இவை வீட்டெலியிலிருந்து எளிதில் பிரித்தறியப்படும். நம் ஊர்ப்பக்கம் வெள்ளெலி என்று சொல்வது இந்திய ஜெர்பிலைத்தான். அது இரவில் நடமாடும். பகலில் வளையின் வாயை மண்ணால் தளர்வாக அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ராஜஸ்தானின் தார் பாலையில் கூட்டமாக வாழும் பாலை ஜெர்பில் பகலில் இயங்கும் விலங்கு. ஒரே மணலில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டில் ஒன்றைப் பகலில் உட்கார்ந்தபடியே எண்ணலாம், மற்றொன்றை எண்ணவே முடியாது. ஆகவே, ஓர் ஆய்வில் எது தென்பட்டது என்பதை முதலில் தீர்மானிப்பது, ஆய்வாளர் எந்த நேரத்தில் எப்படித் தேடினார் என்பதே.

இரவிலும் எல்லா இரவும் ஒன்றன்று. நிலவொளியில் ஆந்தையும் நரியும் எளிதாக இரையைக் காணும் என்பதால், பாலையின் கொறி விலங்குகள் பல நிறைநிலா நாட்களில் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன அல்லது புதரை விட்டு விலகுவதில்லை. பௌர்ணமியை ஒட்டி நடந்த கணக்கெடுப்பையும் அமாவாசையை ஒட்டி நடந்த கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எலிகள் குறைந்துவிட்டன அல்லது கூடிவிட்டன என்று சொல்வது தவறு.

உயிருடன் பிடித்து விடும் முறை

களத்தில் அதிகம் புழங்குவது ஷெர்மன் பொறி. 1920-களில் அமெரிக்காவில் எச். பி. ஷெர்மன் வடிவமைத்த இது, அலுமினியத் தகட்டால் ஆன, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய பெட்டி. வழக்கமான அளவு சுமார் 23 செ.மீ. நீளமும் 8 அல்லது 9 செ.மீ. அகல உயரமும். உள்ளே கால் வைத்ததும் தரைத்தகடு அமிழ்ந்து வாசல் மூடிக்கொள்ளும். நம் ஊரில் வறுத்த நிலக்கடலையும் தேங்காய்த் துண்டும் இதற்கு நல்ல இரை.

பொறிகள் கட்டம் கட்டமாக வைக்கப்படுகின்றன. பத்து மீட்டர் இடைவெளியில் ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு என 49 பொறிகள் வைப்பது ஒரு வழக்கமான அமைப்பு. வேலை நடக்கும் வரிசை இது:

1. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகே பொறிகள் திறக்கப்படும். புதரோரத்திலோ எலித்தடம் ஓடும் வழியிலோ, தரையோடு ஆடாமல் படியும்படி வைக்க வேண்டும். மணல் நிலத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. தரைத்தகட்டின் அடியில் நான்கு மணல் துகள் புகுந்துவிட்டாலும் தகடு அமிழாது; எலி உள்ளே போய்க் கடலையைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். எனவே ஒவ்வொரு பொறியையும் தட்டி, ஊதி, விரலால் அழுத்திப் பார்த்தே வைக்க வேண்டும்.

2. விடியும் முன்பே சோதனை தொடங்கும். வெயில் ஏறியபின் தகட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் விலங்கு விரைவில் சூட்டில் இறந்துவிடும். நம் பகுதியில் எறும்பும் அதே அளவு ஆபத்து. இரையின் வாசனைக்கு வரும் எறும்புக்கூட்டம் தப்ப வழியற்ற விலங்கைக் கடித்தே கொன்றுவிடும். குளிரான பாலை இரவுகளில் பொறிக்குள் கொஞ்சம் பஞ்சு வைப்பது வழக்கம்.

3. பொறியின் வாசலில் துணிப்பையை இறுக்கிப் பிடித்து, பெட்டியைச் சாய்த்தால் விலங்கு பைக்குள் இறங்கிவிடும். பையோடு வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, பையின் எடையைக் கழிப்பார்கள்.

4. பைக்கு வெளியிலிருந்தே பிடரியைப் பிடித்து, துணியை மெல்ல விலக்கி, வாலின் நீளம், பின்பாதத்தின் நீளம், காதின் நீளம், ஆணா பெண்ணா, பால்கொடுக்கும் நிலையில் உள்ளதா என்று பார்த்து எழுதுவார்கள். ஜெர்பிலை வால் நுனியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அதன் வால்தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிடும். எலி ஓடிவிடும், ஆனால் தோலுரிந்த வால் பின்னர் காய்ந்து உதிர்ந்துவிடும். வாலால் உடலைச் சமன் செய்து தாவும் விலங்குக்கு அது ஆயுட்காலக் குறை. கையாள்பவருக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும்.

5. அடையாளத்துக்காகத் தொடைப்பக்க மயிரில் சிறிது கத்தரிப்பதோ, காதில் எண்ணிட்ட சிறு தகடு மாட்டுவதோ, தோலுக்கடியில் அரிசி அளவு மின்குறியைச் செலுத்துவதோ நடக்கும். கால்விரலை நறுக்கி அடையாளமிடும் பழைய வழக்கம் கண்டனத்துக்குரியது. மாற்று வழிகள் இருக்கும்போது அதைத் தொடர நியாயமில்லை.

6. பிடித்த அதே இடத்தில்தான் விட வேண்டும். பால்கொடுக்கும் தாயாக இருந்தால் அளவுகளைக் கூடச் சுருக்கிக்கொண்டு உடனே விடுவது முறை. வளைக்குள் குட்டிகள் காத்திருக்கும்.

முள்ளெலி பொதுவாக இந்தப் பெட்டிக்குள் வருவதில்லை. கடலை அதன் முதன்மை உணவு அன்று. அது வண்டையும் கரையானையும் தேடுவது. மூஞ்சூறுகளுக்கு, தரைமட்டமாக வாளிகளைப் புதைத்து, அவற்றை நோக்கி விலங்கை நடத்திச் செல்லும் தாழ்வான தடுப்புவேலி அமைப்பதுண்டு. மூஞ்சூறு சில மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே சாகும் இயல்புடையது என்பதால் வாளிக்குள் உணவு வேண்டும். மழைநீர் வடிய அடியில் துளையும் வேண்டும். எலிப்பொறி மட்டும் வைத்துவிட்டு இங்கு முள்ளெலி இல்லை என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பே கிடையாது.

பொறி-இரவு: ஏன் இந்த அலகு?

குளச்சலில் ஒரு படகு எவ்வளவு மீன் கொண்டுவந்தது என்பதை மட்டும் கேட்டுக் கடலில் மீன் கூடியதா குறைந்ததா என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. எந்த வலை, எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள். பொறியிலும் அப்படித்தான். ஒரு பொறி ஓர் இரவு திறந்திருந்தால் அது ஒரு பொறி-இரவு. நூறு பொறிகள் மூன்று இரவு திறந்திருந்தால் 300 பொறி-இரவு. அதில் 12 விலங்குகள் சிக்கினால் நூறு பொறி-இரவுக்கு நான்கு என்று எழுதுவார்கள். வேறு வேறு இடங்களையும் ஆண்டுகளையும் ஒப்பிட இந்த எண் உதவும்.

இதிலிருந்தே, தென்படவில்லை என்ற சொற்றொடரின் எடையையும் கணக்கிடலாம். ஓர் இடத்தில் ஓர் அரிய எலி இருக்கிறது, ஒரு பொறி-இரவில் அது சிக்குவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 50 பொறி-இரவுகள் முயன்றால், அது ஒருமுறைகூடச் சிக்காமல் போவதற்கான வாய்ப்பு 0.99-ஐ ஐம்பது முறை பெருக்கிக் கிடைப்பது, அதாவது சுமார் 60 சதவீதம். இருக்கிற விலங்கை இல்லை என்று சொல்லிவிடும் வாய்ப்பே அதிகம். அதே இடத்தில் 300 பொறி-இரவுகள் முயன்றால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். எனவே, எத்தனை பொறி-இரவு என்று சொல்லாத அறிக்கையில் 'தென்படவில்லை' என்பது அளவு சொல்லாத கணக்கு.

குறியிட்டு மீளப் பிடித்தல்

சிக்கியவை எத்தனை என்பது வேறு, வாழ்பவை எத்தனை என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு லிங்கன்-பீட்டர்சன் முறை விடை தேடுகிறது. முதல் சுற்றில் 20 எலிகளைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம். சில நாட்கள் கழித்து இரண்டாம் சுற்றில் 25 சிக்குகின்றன. அவற்றில் 10 ஏற்கெனவே குறியிடப்பட்டவை. பிடிபட்டவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு குறியுள்ளவை என்றால், மொத்தக் கூட்டத்திலும் ஐந்தில் இரண்டு பங்குதான் அந்த 20 என்று கொள்ளலாம். 20-ஐ 25-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் மொத்தம் 50. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது நேரும் மிகைமதிப்பைக் குறைக்கச் சாப்மன் தந்த திருத்தத்தைப் போட்டால் ஏறக்குறைய 49 வரும்.

கணக்கு எளிது, அதன் நிபந்தனைகள்தாம் கடினம். இடைப்பட்ட நாட்களில் எலிகள் வெளியேறவோ புதியவை வந்து சேரவோ கூடாது. குறி விழுந்துவிடக் கூடாது. ஒவ்வோர் எலிக்கும் சிக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனை களத்தில் அடிக்கடி உடைகிறது. கடலையின் சுவை கண்ட எலி நாள்தோறும் அதே பொறிக்குள் வந்து உட்காரும். ஒருமுறை பயந்த எலி மறுபடி அந்தப் பக்கமே வராது. முதல் வகை மிகுந்தால் மொத்த எண்ணிக்கை உண்மையை விடக் குறைவாகவும், இரண்டாம் வகை மிகுந்தால் உண்மையை விட அதிகமாகவும் வரும்.

பிடிக்காமலே அறிவது

மணல் நிலத்தின் பெரிய வசதி, அது இரவெல்லாம் நடந்ததை எழுதி வைத்துக்கொள்கிறது என்பதே. மாலையில் ஒரு துண்டு நிலத்தை விளக்குமாற்றால் சமமாகப் பெருக்கிவிட்டு, காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது சூரியனை நோக்கி நின்று பார்த்தால், விரற்கடை ஆழம்கூட இல்லாத தடங்களும் நிழல் விழுந்து தெரியும். ஜெர்பில் தாவிய இடத்தில் பின்னங்கால்களின் இணைத்தடம் இடைவெளி விட்டு விட்டு வரும். நடுவில் சில இடங்களில் வால் இழுபட்ட கோடு தெரியும். முள்ளெலியின் தடம் குறுகிய காலடிகளாக, நெருங்கி, புதருக்குப் புதர் வளைந்து செல்லும். காற்று எழுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதங்களில் இந்த முறையை நம்பிப் பயனில்லை.

கூகை என்னும் ஆந்தை இன்னொரு சாட்சி. அது இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக உமிழும். பாழடைந்த கட்டடங்களிலும் பனைமரத்தடியிலும் கிடக்கும் இந்த உருண்டைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகள், மூஞ்சூறுகளின் மண்டையோடுகளும் தாடைகளும் முழுதாகக் கிடைக்கும். பல்லின் அமைப்பைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடலாம். ஓர் உயிரையும் தொடாமல், ஓர் இரவும் விழிக்காமல், ஒரு வட்டாரத்தின் சிறு பாலூட்டிப் பட்டியலைப் பெருமளவு தொகுத்துவிட முடியும் என்பதால், குறைந்த செலவில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தொடங்கத் தக்க முறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கையுறை மட்டும் கட்டாயம்.

உணவுத்தட்டு முறை இவற்றில் நுட்பமானது. அமெரிக்கச் சூழலியலாளர் ஜோயல் பிரவுன் 1988-ல் இதை விரிவாக முன்வைத்தார். ஒரு தட்டில் அளந்த மணலும் அளந்த விதைகளும் கலந்து இரவில் வைக்கப்படும். விதை குறையக் குறையத் தேடும் உழைப்பு கூடும். ஒரு கட்டத்தில் எலி கைவிட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் விதையைச் சலித்து எடுத்து நிறுத்தால், அந்த இடத்தில் எலிக்கு எவ்வளவு அச்சம் என்பது கிராமில் கிடைத்துவிடும். புதருக்கடியில் மிச்சம் குறைவாகவும் வெட்டவெளியில் மிச்சம் அதிகமாகவும் இருந்தால், வெட்டவெளியில் நெடுநேரம் நிற்க அது அஞ்சியிருக்கிறது என்று பொருள்.

தானியங்கிக் கேமரா முள்ளெலிக்கு ஏற்றது. சுண்டெலிகளை இனம் பிரிக்க அதன் படம் போதாது. சிவப்பு வெளிச்சம் கொறி விலங்குகளின் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது என்பதால், இரவில் நேரில் பார்ப்போர் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்வார்கள். விலங்கு போகும் இடத்தைப் பின்தொடர வானொலி அலை அனுப்பும் குறியைப் பொருத்துவதானால் அதன் எடை விலங்கின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 100 கிராம் ஜெர்பிலுக்கு 5 கிராம்.

கொன்று சேகரிப்பது தேவையா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அருங்காட்சியகங்களில் இருக்கும் தோல்களும் மண்டையோடுகளும் கொல்லப்பட்ட விலங்குகளுடையவை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய பாலூட்டிக் கணக்கெடுப்பும் அப்படித்தான் நடந்தது. இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி அதன்மேல் நிற்கிறது.

அந்தச் சேகரிப்புகளின் பயன் பல ஆண்டுகள் கழித்தே முழுதாக வெளிப்பட்டது. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

கலிஃபோர்னியாவில் ஜோசப் கிரின்னலும் அவருடைய குழுவினரும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மொஹாவி பாலையில் எங்கு, எந்த நாளில், எது கிடைத்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். அதே இடங்களுக்கு இந்த நூற்றாண்டில் திரும்பிச் சென்றவர்கள், பறவை இனங்கள் பெருமளவு குறைந்துவிட்டதையும், சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய அப்படியே இருப்பதையும் கண்டு 2021-ல் வெளியிட்டார்கள். வெப்பம் ஏறியபோது வளைக்குள் புக முடிந்தவை தப்பின. நூறாண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே சாத்தியமில்லை.

1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட பகுதியில் இளவயதினர் திடீரென மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் மான்நிற எலி சுமந்த ஹாண்டா வைரஸ். இது புதிதாக வந்த கிருமியா என்ற அச்சம் எழுந்தபோது, நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் முன்பே உறையவைத்திருந்த எலித் திசுக்கள் சோதிக்கப்பட்டன. வைரஸ் முன்பிருந்தே எலிகளில் இருந்தது தெரியவந்தது.

ஆகவே சேகரிப்பே கூடாது என்று சொல்வது அறிவியலுக்குத் துரோகம். அதே நேரத்தில், இனம் தெரிந்த, எண்ணிக்கை தெரியாத, பரப்பு குறுகிய ஒரு விலங்கைப் பட்டியலுக்காகக் கொல்வதற்கு இன்று நியாயம் கிடையாது. மயிர், எச்சம், காது நுனியில் ஒரு துணுக்கு ஆகியவற்றிலிருந்தே மரபணு எடுக்கலாம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் முள்ளெலியே ஒரு மாதிரிதான். இடமும் நாளும் எழுதி, உரிய அனுமதியுடன் பாதுகாத்தால் போதும். இடமும் நாளும் எழுதப்படாத மாதிரியோ, கொன்று எடுத்ததானாலும் கிடந்து எடுத்ததானாலும், வெறும் தோல்.

சட்டமும் உடல்நலமும்

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள் விரிவானது. கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாம் அதனுள் அடங்கும். பாதுகாக்கப்பட்ட விலங்கை ஆய்வுக்காகப் பிடிக்க அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டும். எலிகளும் சுண்டெலிகளும் முன்பு தீங்குயிர்கள் என்ற ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. ஆர்வத்தால் தானாகப் பொறி வைப்பவர் சட்டத்தின் பார்வையில் ஆய்வாளர் ஆகிவிட மாட்டார். முதலில் வனத்துறையை அணுக வேண்டும்.

எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. எலியின் சிறுநீர் பட்ட ஈரமண், கையில் உள்ள சிறு கீறல் வழியே நோயைச் சேர்க்கும். எலியின் உடலில் தொற்றி நிற்கும் உண்ணிச்சிறுபூச்சிகள் மூலம் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். கையுறை, முகக்கவசம், முழுக்கால் உடை, திரும்பியதும் பொறிகளைக் கிருமிநாசினியில் கழுவுதல் ஆகியவை கட்டாயம்.

இவற்றால் நிலத்துக்கு என்ன?

சிறு பாலூட்டிகளை எடுத்துவிட்டால் நிலம் அப்படியே இருந்துவிடாது. அரிசோனாவில் போர்ட்டல் என்ற ஊரையொட்டி 1977 முதல் நடந்துவரும் ஆய்வு இதைக் காட்டியது. பக்கத்துக்கு 50 மீட்டர் கொண்ட 24 வேலியிட்ட நிலத்துண்டுகளில், சிலவற்றில் கங்காரு எலிகள் மட்டும் நுழைய முடியாதபடி செய்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் 49 பொறிகள். மாதந்தோறும் அமாவாசையை ஒட்டிக் கணக்கெடுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளில், கங்காரு எலி நுழையாத துண்டுகளில் உயரமான புற்கள் பல மடங்கு பெருகி, புதர்நிலம் புல்வெளியை நோக்கி மாறியதை ஜேம்ஸ் பிரவுனும் எட்வர்ட் ஹெஸ்கேயும் 1990-ல் வெளியிட்டார்கள். விதையைத் தின்பதாலும் மண்ணைக் கிளறுவதாலும் ஒரு சிறு விலங்கு ஒரு நிலத்தின் தோற்றத்தையே பிடித்து வைத்திருந்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் ஆய்வை நிறுத்தியிருந்தால் இந்த மாற்றம் கண்ணுக்கு வந்திருக்காது.

அறிக்கையைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்களுக்கு, அடிப்படைத் தரவை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பது பொதுவான நடைமுறை. காற்றாலைத் திட்டங்கள் அந்த அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் திட்டமானால், கீழ்க்கண்டவற்றைக் கேட்கலாம்:

1. சிறு பாலூட்டிகளுக்கென்று தனியாகத் தேடினார்களா, அல்லது பறவை பார்க்கப் போனபோது கண்டவற்றை எழுதினார்களா? தனியாகத் தேடினார்கள் என்றால், பொறி-இரவு எத்தனை, எந்த வகைப் பொறி, என்ன இரை?

2. எந்தத் தேதிகளில்? தேதி தெரிந்தால் நாட்காட்டியைப் புரட்டி, அமாவாசைக்கு எவ்வளவு தொலைவு என்று நாமே பார்த்துவிடலாம்.

3. முள்ளெலிக்கென்று இரவு நடை, தடம் பார்த்தல், கேமரா ஆகியவற்றில் எதையாவது செய்தார்களா? ஊர்மக்களிடம், குறிப்பாக ஆடு மேய்ப்போரிடமும் பனைத் தொழிலாளரிடமும் கேட்டார்களா?

4. சிக்கிய ஒவ்வொரு விலங்கின் இடம், நாள், அளவுகள், எடை அடங்கிய மூல அட்டவணை இணைக்கப்பட்டிருக்கிறதா?

5. எந்தப் பருவம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் என்று இரண்டையும் ஒதுக்கிவிட்டால், குமரியில் மிஞ்சுவது ஜனவரி முதல் மே வரைதான். மழைக்குப் பின் புல்லும் விதையும் பூச்சியும் பெருகும்போதுதான் சிறு பாலூட்டிகள் இனம் பெருக்கி எண்ணிக்கை உயரும். கோடையின் உச்சத்தில் அவை மிகக் குறைவாக இருக்கும். கோடையில் மட்டும் பார்த்த அறிக்கை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை அதே கட்டத்தில் அதே எண்ணிக்கைப் பொறிகளை வைத்துச் சரிபார்க்கப்பட வேண்டும் என்று எழுத்து மூலம் கோருவது நியாயமான கோரிக்கை. அதற்கு ஆகும் கூடுதல் செலவு சில இரவுகளின் உழைப்பும் சில கிலோ நிலக்கடலையும்தான்.